வண்டு போன காது

போனுக்குள்ளே எல்லோரும் அவளை வண்டக்கா என்று கூப்பிட்டார்கள். வெளியே அந்தப் பெயர் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. திரைச்சீலைக் கடையில் அவள் மாஸ்டர். நீளமான மேசையில் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு இழுத்து, ஆள் உயரச் சுருளைத் தனியாளாகப் புரட்டி வெட்டுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? வீட்டில் அவள் கணவருக்கு ‘இந்தாம்மா’. கல்யாணமான புதிதில் அவர் வேறு ஏதோ செல்லப்பெயர் வைத்திருந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். அந்தச் செல்லப்பெயர் இரண்டு மாடிகளுக்கு நடுவே எங்கேயோ சிக்கிக்கொண்டுவிட்டது, அப்புறம் இறங்கவே இல்லை.

வண்டக்கா என்ற பெயருக்குக் காரணம் அவளுடைய இடது காது. சில வருஷங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல் காதுக்குள் ஒரு சில்வண்டை விட்டுவிட்டுப் போயிற்று. ரீ... என்று ஒரே சுருதி. சாப்பிடும்போதும் ரீ, குளிக்கும்போதும் ரீ, பக்கத்தில் ஆள் பேசினாலும் அதற்கு அடியில் ரீ. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“காது சுத்தமா இருக்கும்மா. வெளியில சத்தம் எதுவும் இல்லை, உங்க மூளைதான் அப்படிக் கேக்குது. பழகிக்கங்க” என்றார்.

பழகிக்கொள்வதற்கு அது என்ன புதுச் செருப்பா? அந்த நாட்களில் அவளுக்குக் கோடு கோணியது. ஒருநாள் விலை உயர்ந்த பட்டு நெசவுத் துணியை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டாள். ஜன்னலுக்குப் போட்டால் முழங்காலுக்கு மேல் பாவாடை கட்டின மாதிரி நிற்கும். கடைக்கார அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “வயசாகுது, பாவம்” என்று மாடியில் தையல்காரர்களிடம் சொன்னது, வண்டையும் தாண்டி அவள் காதில் விழுந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் போனில் தேடித் தேடி அந்தக் குழுவைக் கண்டுபிடித்தாள். காதில் இரைச்சல் உள்ளவர்கள் கூடிப் பேசும் இடம். அங்கே சொந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்வதில்லை. காதில் என்ன சத்தம் கேட்கிறதோ அதுதான் பெயர். ஒருவர் டிரான்ஸ்பார்மர். ஒருத்தி கடலம்மா. ஒரு பையன் விசில். குழுவைத் தொடங்கியவர் ரயில். அவள் சில்வண்டு என்று பெயர் கொடுத்து நுழைந்து, ‘இதை வைத்துக்கொண்டு மனுஷி எப்படி வாழ்வது?’ என்று ஒரே ஒரு வரி எழுதினாள்.

ரயில் பதில் எழுதினார். நாலைந்து முறை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கவேண்டிய அளவுக்கு நீளமான பதில். அதில் ஒரு இடம் அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: ‘அந்தச் சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பிடிக்க வேண்டாம், அவனோடு சண்டையும் வேண்டாம். அவன் அங்கே இருக்கிறான், நீங்கள் இங்கே உங்கள் வேலையைப் பாருங்கள்.’ அதைப் படித்துவிட்டுக் கைகழுவும் இடத்தில் நின்று அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மத்தியானம் வெட்டிய துணி நேராக வந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான். கொஞ்ச நாளில் குழுவுக்குப் புதிதாக வந்து புலம்புகிறவர்களுக்கு அவளே பதில் எழுத ஆரம்பித்தாள். ‘மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுங்கள், சத்தத்துக்குச் சத்தம் துணை.’ ‘இணையத்தில் விற்கிற சொட்டு மருந்தை வாங்காதீர்கள், நான் வாங்கி ஏமாந்தேன்.’ ‘இன்றைக்கு அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், நாளைக்கு வேலைக்குப் போங்கள்.’ வீட்டிலும் கடையிலும் வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணி எண்ணிக் கொடுக்கிறவள், அங்கே மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

“என் டெஸ்டர் எங்கேன்னு கேட்டா, ‘பாருங்க’ன்னு ஒரு வார்த்தை வருது” என்பார் கணவர். “முகம் தெரியாத யாருக்கோ கதை கதையா எழுதறே.”

“உங்க டெஸ்டர் அழலையே” என்பாள் அவள்.

இப்படியே மூன்று நாலு வருஷம் ஓடிற்று. குழுவில் அவள் ரயிலுக்கு அடுத்தபடி ஆகிவிட்டாள். சொல்லப்போனால் ரயிலைவிட அவளைத்தான் அதிகம் பேர் தேடினார்கள். ரயில் இப்போதெல்லாம் எப்போதாவதுதான் எட்டிப்பார்ப்பார்.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்த விஷயம் நடந்தது. மாடியில் தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் ஒரு படுக்கையறைக்கான கனத்த துணியை, வெளிச்சம் உள்ளே விடாத ரகம், மேசையில் விரித்துக் கத்தரியை வைத்தாள். கரக்... கரக்... கத்தரிச் சத்தம் கேட்டது. பாதி தூரம் போனபின்தான் உறைத்தது: கத்தரிச் சத்தம் மட்டுந்தான் கேட்கிறது.

கையை நிறுத்தினாள். வண்டு இல்லை. காதைப் பொத்திப் பார்த்தாள். இல்லை. வாயைத் திறந்து மூடினாள், தலையைச் சாய்த்தாள், தண்ணீர் குடித்தாள். இல்லவே இல்லை. தெருவில் யாரோ ஷட்டரை இறக்குகிற சத்தம் அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன மாஸ்டர், மயக்கமா?” என்று கடைக்கார அம்மா ஓடிவந்தாள்.

“இல்லைங்க. ஒண்ணும் கேக்கலை.”

“ஐயோ, காது செவிடாயிடுச்சா?”

“இல்லைங்க. எல்லாம் நல்லாக் கேக்குது. அதான் ஒண்ணும் கேக்கலை.”

கடைக்கார அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழச் சாறு வரவழைத்தாள்.

ஒரு வாரம் பார்த்தாள். வண்டு திரும்பவில்லை. டாக்டரிடம் போனாள். “சில பேருக்குப் போயிடும்” என்றார். “ஏன் போச்சு டாக்டர்?” என்று கேட்டதற்கு, “ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானேம்மா ஏன் போச்சுன்னு சொல்ல?” என்று சிரித்தார். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. தன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

“விட்டது சனி” என்றார். “இனிமே அந்தக் கும்பல்ல என்ன வேலை? பெருமையாச் சொல்லிட்டு வெளியே வந்துடு.”

“சொல்லிடறேன்” என்றாள்.

சொல்லத்தான் போனாள். குழுவைத் திறந்தபோது அவளுக்காக ஒரு செய்தி காத்திருந்தது. எழுதியிருந்தது மிக்ஸி. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர், முப்பது வயதுக்குள் இருக்கும், குழுவுக்குப் புதிது. காதில் ஓயாமல் மிக்ஸி ஓடுகிறது என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் முடங்கியிருப்பவள். ‘வண்டக்கா, இன்றைக்கு ரொம்ப மோசம். உங்களுக்கு எப்படி இருக்கிறது? நீங்கள் இத்தனை வருஷமாகத் தாங்குகிறீர்களே, அதை நினைத்துத்தான் நானும் எழுந்து உட்காருகிறேன்.’

அவள் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். பிறகு, ‘அப்படியேதான் இருக்கிறது. நாம் பார்க்காத வண்டா?’ என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை வேண்டும் என்பார்கள். ‘மழை நாளில் உங்களுக்குக் கூடுமா அக்கா?’ என்று மிக்ஸி கேட்டாள். கூடும் என்றாள். ‘வலது பக்கம் திரும்பிப் படுத்தால்?’ குறையும் என்றாள். இல்லாத வண்டைப் பற்றி, இருந்தபோது எழுதியதைவிட அழகாக எழுதினாள். அதைப் படித்துக் கடலம்மா, ‘கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது வண்டு’ என்று எழுதினாள். வண்டக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மிக்ஸி விழுந்துவிடக்கூடாது என்றா? இல்லை, வண்டக்கா என்கிற ஆள் காணாமல்போய்விடக்கூடாது என்றா?

தங்கையிடம் சொன்னாள். தங்கை ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வருகிறவர்கள் வாயில் பல் இருக்கிறதோ இல்லையோ, அவர்களை எடைபோடுவதில் கெட்டிக்காரி. பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி அத்தனையும் கேட்டுவிட்டு, “இதுல என்ன குழப்பம்?” என்றாள். “அங்கே உனக்கு நாற்காலி இருக்குக்கா. எழுந்துக்க மனசு வரலை.”

“நாற்காலியா? அந்தப் பொண்ணு பாவம்டி.”

“பாவந்தான். நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. போன மாசம் எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டு எட்டு நாள் படுத்திருந்தேன். எத்தனை தடவை போன் பண்ணினே?”

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

“ஒரே ஒரு தடவை. ‘தைலம் தடவு’ன்னுட்டு வெச்சுட்டே. நான் ‘அக்கா தெய்வம்’னு எழுதமாட்டேன் இல்ல, அதான்.”

சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னாள். தங்கை பேச்சை அவர் எப்போதும் ஒத்துக்கொண்டதில்லை, அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை.

“அவ சொல்றது தப்பு. நீ கடனைத் திருப்பறே. யாரோ உனக்குச் செஞ்சாங்க, நீ வேற யாருக்கோ செய்யறே. லிப்ட்டுல மாட்டினவனை வெளியே எடுத்தா அவன் அடுத்தவனுக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், நான் பார்த்திருக்கேன். அவ்வளவுதான்.”

“அப்ப கடன் எப்பங்க தீரும்?”

அவர் தலையைச் சொறிந்தார். “அது... உனக்குச் செஞ்சவரைத்தான் கேக்கணும்.”

இரண்டுமே சரி போலவும் பட்டது, இரண்டுமே தப்பு போலவும் பட்டது. யாரிடமும் சொல்லாத மூன்றாவது ஒன்றும் உள்ளே இருந்தது: குழுவை விட்டுப் போனால், ‘ஓகோ, உனக்கு அவ்வளவு ஆகிவிட்டதா?’ என்று வண்டு திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். அப்படியானால் அவள் செய்வது உதவியா, வண்டு வராமல் இருக்கக் கொடுக்கிற லஞ்சமா?

கணவர் சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். ரயிலைக் கேட்பது. இத்தனை வருஷத்தில் அவர் குரலைக் கேட்டதில்லை. குழுவில் தனியாக எண் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி உலர்த்திவிட்டு அழைத்தாள். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்பது மட்டும் தெரியும். மனசுக்குள் அவருக்கு வெள்ளைத் தாடி வைத்து, கண்ணை மூடி உட்காரவைத்திருந்தாள். எடுத்தவர் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

“யாரும்மா? வண்டா? அட! சொல்லுங்க, சொல்லுங்க.”

“ஐயா, நான் குழுவுக்கு வந்த அன்னைக்கு நீங்க எனக்கு ஒரு பதில் எழுதினீங்க. பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வெச்சுக்கோங்கன்னு. அதுதான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு. எதுக்குய்யா எனக்கு அவ்வளவு நீளமா எழுதினீங்க?”

அவர் மென்றதை விழுங்கினார். “அப்படியா எழுதினேன்?”

“ஆமாங்கய்யா.”

“ஞாபகம் இல்லையேம்மா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் கதையை நான் எல்லாருக்கும் எழுதுவேன். ஒரு தடவை எழுதி வெச்சது, அப்படியே எடுத்துப் போட்டுடுவேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவரே தொடர்ந்தார்.

“எதுக்கு எழுதறேன்னு கேட்டீங்கன்னா... என்னத்தைச் சொல்ல? அப்ப இங்கே விடாம மழை. நடக்கப் போக முடியலை. வீட்டுல டிவி வேற ரிப்பேர். சும்மா உட்கார்ந்தா என் ரயில் பெட்டி பெட்டியாப் போகும். யாருக்காவது எழுதினா கொஞ்சம் மறந்திருக்கும். அவ்வளவுதான்னு நினைக்கிறேன். ஏன், ஏதாவது பிரச்சனையா?”

“இல்லைங்கய்யா” என்றாள். பிறகு, வெட்கத்தை விட்டு, “எனக்கு வண்டு போயிடுச்சுய்யா. பல வாரமாச்சு. நான் யார்கிட்டயும் சொல்லலை. இருக்குன்னே எழுதிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

“போயிடுச்சா!” அந்த ஒரு வார்த்தையில் என்னென்னவோ இருந்தது. சந்தோஷம் இருந்தது. பொறாமையும் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. “கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, சொன்னீங்கன்னா அங்கே பாதிப் பேர் அழுவாங்க, பாதிப் பேர் திட்டுவாங்க. எந்தப் பாதி எதுன்னு எனக்குத் தெரியாது.”

போனை வைத்துவிட்டுக் கொடியில் தொங்கிய கணவரின் காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷமாக அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு மழையையும் பழுதான ஒரு டிவியையுமா? சிரிப்பு வந்தது. அவர் சும்மா எடுத்துப் போட்டது அவளைக் காப்பாற்றியது நிஜம். அவள் உருகி உருகி எழுதுவது மிக்ஸியை ஏமாற்றுவதும் நிஜம். இதில் எது நல்ல காரியம்?

அன்றே எழுதிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. ‘எனக்கு இரைச்சல் நின்றுபோய்விட்டது. பல வாரம் ஆகிறது. நின்றபின்னும் இருக்கிறது என்று எழுதினேன். தப்புத்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.’

திட்டுவார்கள், அழுவார்கள் என்று ரயில் சொன்னார். அவரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதலில் வந்த செய்திகள் எல்லாம் ஒரே கேள்வி. என்ன சாப்பிட்டீர்கள்? எந்த டாக்டர்? எந்த மாத்திரை? எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தீர்கள்? ‘எதுவும் செய்யவில்லை, துணி வெட்டிக்கொண்டிருந்தேன், தானாகப் போயிற்று’ என்றாள். ஒருவரும் நம்பவில்லை. ‘எந்தத் துணி?’ என்று கேட்டான் விசில். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

இரண்டாம் நாள் காற்று மாறியது. மருந்தைத் தெரிந்துகொண்டு மறைக்கிறாள் என்றார்கள். அப்புறம், இரைச்சலே இவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை, ஆரம்பத்திலிருந்தே நடிப்பு என்றார்கள். ‘காதில் இரைச்சல் உள்ளவன் காதிலேயே பூச்சுற்றினாயே அம்மா, போதும்’ என்று எழுதிவிட்டு டிரான்ஸ்பார்மர் வெளியேறினார். அவர் முதன்முதலில் வந்தபோது அவரை ஒரு வாரம் தேற்றியவள் அவள்தான். கடலம்மா மட்டும், ‘எப்படியோ ஒரு காது தப்பித்தது, நல்லா இரு’ என்று எழுதினாள்.

மிக்ஸி குழுவில் ஒன்றும் எழுதவில்லை. தனியாக எழுதினாள். ‘நீங்கள் தாங்குகிறீர்கள் என்றுதான் நான் தாங்கினேன். தாங்குவதற்கு உங்களுக்கு ஒன்றுமே இல்லையா? அப்படியென்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்?’

மன்னிப்பு என்று எழுதினாள், அழித்தாள். உன் நல்லதுக்காகத்தான் என்று எழுதினாள், அதையும் அழித்தாள். அது முழுப்பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

குழுவிலிருந்து வெளியேறும் பொத்தானில் விரலைக் கொண்டுபோனாள். அழுத்தவில்லை. அதுவும் ஏன் என்று தெரியவில்லை. இடையில் தங்கைக்கு இரண்டு முறை போன் செய்து இடுப்பைப் பற்றி விசாரித்தாள். “இப்ப நல்லாத்தான் இருக்கேன், என்ன திடீர்னு?” என்று தங்கை சந்தேகப்பட்டாள்.

சில வாரம் போயிற்று. கடையில் ஒரு கூடத்துக்கான நாலு ஜன்னல் வேலை வந்திருந்தது. அவள் மேசையில் மடிப்புக்கு இடம் விட்டுக் குறித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எடுத்தாள்.

“அக்கா, நான் மிக்ஸி பேசறேன். ரயில் ஐயாகிட்ட நம்பர் வாங்கினேன்.”

குரல் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“சொல்லும்மா.”

“எனக்கு உங்க மேல இன்னும் கோபம் போகலை. அதை முதல்ல சொல்லிடறேன்.”

“சரிம்மா.”

“நாளைக்கு ஸ்கூலுக்குத் திரும்பப் போறேன். வகுப்புல நாப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல கத்தும். அது ஓஞ்சதும் என் காது இன்னும் சத்தமாயிடுமோன்னு பயமா இருக்கு. வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலை.”

“கடலம்மாகிட்ட கேட்டியா? அவங்களுக்கு இன்னும் இருக்கு. என்கிட்ட இல்லையேம்மா இப்ப. நான் சொல்றதை எப்படி நம்புவே?”

“கேட்டேன். அவங்க நல்லா இரும்மான்னு சொன்னாங்க. எனக்கு அது பத்தலை. நீங்க எதுக்குக்கா இன்னும் அங்கே இருக்கீங்க? உங்களுக்குத்தான் போயிடுச்சே. திட்டும் வாங்கறீங்க.”

“தெரியலைம்மா.”

“ஏதாவது ஒரு காரணம் இருக்கும்ல?”

“நிறைய இருக்கு. காலையில ஒண்ணு நிஜம் மாதிரித் தெரியுது, சாயங்காலம் வேற ஒண்ணு. என் தங்கச்சி ஒண்ணு சொல்றா, என் வீட்டுக்காரர் ஒண்ணு சொல்றாரு. என்னை நல்லவள்னு நினைச்சுக்க எனக்குப் பிடிச்சிருக்குன்னு வெச்சுக்கோயேன். அது மட்டுமான்னு கேட்டா, அது மட்டும் இல்லை. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, “போகட்டும். நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்? அதைச் சொல்லுங்க” என்றாள் மிக்ஸி.

கடைக்கார அம்மா வாசலிலிருந்து, “மாஸ்டர், அளவு குறிச்சாச்சா? ஆள் வந்து நிக்கறாங்க!” என்று குரல் கொடுத்தாள். வண்டக்கா ஒரு கையைத் தூக்கி, இதோ என்று சைகை காட்டினாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“முதல் நாளே முழு நாளும் போகாதே” என்றாள். “தலைமை டீச்சர்கிட்ட கேட்டு அரை நாள் போ. பிள்ளைங்க கத்தும்போது உனக்குச் சத்தம் தெரியாது, அதுங்க போனதுக்கப்புறம்தான் பயம். அந்த நேரத்துல தனியா உட்காராதே. வகுப்புல மின்விசிறி இருக்கா?”

“இருக்குக்கா. கடகடன்னு ஆடும்.”

“ஆடட்டும், நல்லதுதான். ரிப்பேர் பண்ணச் சொல்லிடாதே. அப்புறம்...”

அவள் பேசிக்கொண்டே போனாள். கூடத்து ஜன்னல்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போய்விட்டார்கள். போனை வைத்தபோது எந்த ஜன்னல்வரை குறித்தோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. கடைக்கார அம்மாவின் முறைப்பை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, நாடாவை எடுத்து மறுபடியும் முதல் ஜன்னலிலிருந்து அளக்கத் தொடங்கினாள்.